தினம் ஒரு ஊருணி

பஸ் கிளம்பி ஓடத் தொடங்கிய பிறகு நான் கத்தி நிறுத்தி இறங்கிய நாளில்தான் என் மனைவி அழுதாள். சிவகங்கையில் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம். வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டைப் பதினான்கு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காரைக்குடி பஸ் நிலையத்துக்கு வந்திருந்தேன். பதினைந்தாகவும் இருக்கலாம், அந்தச் சந்தேகமே என்னை இறக்கிவிட்டது. பூட்டு சரி, கேஸை மூடினேனா? மூடியதைப் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா? அவளும் பின்னாலேயே இறங்கினாள், பட்டுப்புடவையும் தட்டுச் சாமானுமாக. கேஸ் மூடித்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் போகவில்லை. அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் அந்த நேரத்திலும் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு.

நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் வரைவாளராக இருந்தேன். மற்றவர்கள் வயலில் சங்கிலி பிடித்து அளந்து வருவதை, நான் மேசையில் உட்கார்ந்து படமாக்க வேண்டும். என் கோடு ஒரு மயிரிழை தப்பினால் அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போவார்கள். அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்ப்பேன்; அதற்காகவே என்னைப் பாராட்டினார்கள். ஓய்வு பெற்று, ஊருணிக் கரைக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு வந்த ஐந்தாம் மாதம், எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல் போனது. எண்ணுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. பூட்டு, குழாய், கேஸ் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது.

மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆகவே மதுரைக்கு மனநல டாக்டரிடம் போனதை ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்பவர்களிடம் என் மனைவி, "இவுகளுக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று சொல்லிவிடுவாள். அந்த வருஷம் நான்கு முறை போனோம்.

டாக்டருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மாத்திரை எழுதினார். பிறகு, "என்ன வேலை பார்த்தீங்க?" என்றார்.

"படம் வரைவேன்."

"அப்ப வரையுங்க. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே பொருள். நல்லா வரணும்னு இல்ல, தினமும் வரணும். ஒண்ணு மட்டும்: ஸ்கேல் தொடக் கூடாது."

"ஸ்கேல் இல்லாம கோடு கோணலாப் போகும்."

"போகட்டும். போனா என்ன ஆகுதுன்னு பாருங்க."

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போவார்கள். ஆனாலும் வெள்ளைத்தாள் நோட்டு ஒன்றும் பென்சில் நான்கும் வாங்கினேன்.

ஊருணியைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் கிடையாது. காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து வருகிற வழியில் இருந்தது. செருப்பை மேலேயே விட்டுவிட்டுச் செம்பூராங்கல் படிகளில் இறங்குவேன். இருபத்திரண்டு படி. ஏழாவதில் உட்கார்ந்தால் எதிர்க்கரை மண்டபம், நான்கு தூண், பாதித் தண்ணீர் தெரியும். பருப்பு வேக அந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்று பெண்கள் குடத்தோடு வந்து போவார்கள். ஆறே முக்கால் முதல் ஏழேகால் வரை வரைவேன்.

முதல் நோட்டு முழுக்க நான் வரைந்தது படமே அல்ல. மேல் மூலையில் வடக்குக் குறி போட்டேன். போடாமல் ஒரு தாளைத் தொடங்க எனக்குத் தெரியாது. தூண்களுக்கு நம்பர் போட்டேன். தெற்குச் சுவரின் நீளத்தைக் காலடியால் எண்ணி ஓரத்தில் எழுதினேன். ஸ்கேல் கூடாது என்றாரே தவிர நோட்டின் அட்டை கூடாது என்று சொல்லவில்லை. அதை மடக்கி வைத்துக் கோடு இழுத்தேன். அடுத்த முறை மதுரை போனபோது டாக்டர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது கையால போட்ட கோடு இல்லையே சார்" என்றார். அந்தச் சின்ன வயதுக்காரரிடம் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையனைப் போல நின்றேன்.

அதன்பின் கையால்தான் போட்டேன். அடுத்த நாற்பது நாளும் கோணலான ஒவ்வொரு கோட்டையும் அழித்து அழித்து ஏழேகால் ஆகிவிடும். என்னைத் திணறடித்தது தண்ணீர். அலைகளை எண்ணி அத்தனையும் போட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஒன்பது வரை போவேன். அதற்குள் முதலாவது இருக்காது. எரிச்சலாக வரும். குடத்தை முக்கும் பெண்களிடம், "கொஞ்சம் பொறுத்து முக்கக் கூடாதா?" என்றுகூட ஒரு நாள் கேட்டுவிட்டேன். பெரிய வீடு ஒன்றில் சமையல் செய்யும் பெண் ஒருத்தி, "தண்ணிய ஆடாம இருக்கச் சொல்றீகளா? அது என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" என்று சொல்லிவிட்டு வேண்டுமென்றே ஒரு முறை கலக்கிவிட்டுப் போனாள்.

மூன்றாவது நோட்டின் நடுவில் ஏதோ ஒரு நாள், எண்ணாமலே தண்ணீரை வரைந்திருந்தேன். வீட்டுக்கு வந்து நோட்டை மூடும்போதுதான் அது தெரிந்தது. அரை மணி நேரம் என் தலைக்குள் ஒரு நம்பரும் ஓடவில்லை. அதை நினைத்ததும் பயமாகிவிட்டது, எதையோ வழியில் தவறவிட்டு வந்தவன் போல. அன்று பூட்டை ஒன்பது முறை பார்த்தேன். அடுத்த மாதம் ஆறு. பிறகு ஐந்து. இன்றுவரை ஒரே முறையாகக் குறைந்ததில்லை. குணமாகிவிட்டது என்று நான் எங்கும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் என் மனைவி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூங்கத் தொடங்கியிருந்தாள். அதற்கு முன்பெல்லாம் நான் எந்த நேரத்திலும் எழுந்துவிடுவேன் என்று என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வருவாள்.

அப்போதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. ஊருணியை மூடி மேலே கடைகள் கட்டப்போகிறார்கள் என்று. யார் கிளப்பியது என்று தெரியாது. கடைசியில் அப்படி ஒன்றும் நடக்கவும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் தெருவே அதை நம்பியது. சர்வே ஆபீசிலிருந்து வந்த ஒருவன் தினமும் காலையில் நோட்டோடு படியில் உட்கார்ந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தால் யார் நம்பமாட்டார்கள்?

கரையில் டீக்கடை வைத்திருந்தவர் முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தார். "என்ன சார், எங்குட்டு எங்குட்டு எத்தன கட வருது? எனக்கு ஒண்ண முக்குல போட்டு வையுங்க." நான் சிரித்துவைத்தேன். "ரிட்டயர் ஆயிட்டேன்" என்றேன். "ரிட்டயர் ஆனவுககிட்டதான் ரகசிய வேலையக் கொடுப்பாகளாம்ல" என்றார். அவர் சிரிக்கவில்லை.

ஒரு காலையில் ஏழாவது படியில் கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தது. ஒரு கிளைதான். எட்டாவது படியில் உட்கார்ந்திருக்கலாம். மற்றவர்களுக்கு அது எளிது. எனக்கு ஏழாவதிலிருந்துதான் மண்டபத்தின் இரண்டாவது தூண் மூன்றாவதைப் பாதி மறைக்கும். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அன்றும், மறுநாளும், அதற்கடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கேஸ் ரெகுலேட்டரை முப்பத்தொரு முறை திருகிப் பார்த்தேன். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டுப் பையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"காலையில போங்க. முள்ள எடுத்துப் போட்டுட்டு உக்காருங்க. யாரும் கேட்டா என்ன சொல்லுவீக?"

"தெரியல."

"கண்ணாடி கதையத் தவிர என்னத்தையாச்சும் சொல்லுங்க."

மறுநாள் முள்ளை எடுத்து ஓரமாகப் போட்டு உட்கார்ந்தேன். மண்டபத்தின் மேல்கோட்டைப் போடுவதற்குள் டீக்கடைக்காரர் இறங்கி வந்தார். கூடவே இரும்புக்கடை பாயும் வேறு இரண்டு பேரும்.

"மூணு நாளாக் காணோமே சார். அளந்து முடிஞ்சதாக்கும்னு நெனச்சோம்."

"நான் எதையும் அளக்கல."

"அப்ப நோட்டுல என்ன?"

"படம்."

"நாங்களும் பாக்கலாம்ல?"

என் பையில் நான்கு நோட்டும் இருந்தன. வீட்டில் வைத்தால் கரையான் அரித்துவிடும் என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டே அலைந்தேன். டீக்கடைக்காரர் கையில் முதலில் வந்தது முதல் நோட்டு. வேறு எந்த நோட்டாவது வந்திருக்கக் கூடாதா!

"பாய், வடக்குக் குறி போட்டிருக்காரு பாருங்க."

பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "படி இருபத்திரண்டு. தூண் நாலு. தெற்குச் சுவர் நூத்திப் பதினாறு காலடி."

"இது படமா சார்? பத்திரத்தோட வச்சுத் தைக்கிறதுல்ல இது!" என்றார் டீக்கடைக்காரர்.

சொல்லாமல் விட்டால் இந்தப் படி போய்விடும். படி போனால் என்ன ஆகும் என்று மூன்று நாளில் பார்த்துவிட்டேன். சொன்னால் சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரியும், பெண் வீட்டாருக்கும் தெரியும். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று எண்ணவில்லை.

"எனக்கு மனசு சரியில்ல. மதுரையில டாக்டரப் பாக்குறேன். அவருதான் தெனம் வரையச் சொன்னாரு."

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "சார், பொய் சொல்றதுக்கும் ஒரு இது வேணும். எங்க சித்தப்பாவுக்குக் கிறுக்குப் பிடிச்சப்ப வேப்பிலை அடிச்சோம், ஆசுபத்திரியில கரண்டு வச்சோம். படம் வரையச் சொல்ற டாக்டர நாங்க பாத்ததே இல்ல. நெசத்தச் சொல்லுங்க, எந்த ஆபீசு?"

ஒரு வருஷம் மூடி மூடி வைத்ததைக் கடைசியில் வாய்விட்டுச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள்! "சத்தியமா எனக்குப் பைத்தியம்தான்" என்று கத்தினேன். காலை ஏழு மணிக்கு, பூசை பார்த்துவிட்டு வந்த வாயால்.

கீழ்ப்படியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்ற சமையல்காரப் பெண் நிமிர்ந்தாள்.

"அட, சாரு சொல்றது நெசந்தேன். எங்களுக்கெல்லாம் மொதல்லேர்ந்தே தெரியும்."

"உனக்கு என்னத்தா தெரியும்?"

"எறங்குறப்ப படிய எண்ணுவாரு. ஏழுல வந்து நிப்பாரு. என்ன தோணுமோ, திரும்ப மேல ஏறிப்போயி ஒண்ணுலேர்ந்து எண்ணிக்கிட்டு வருவாரு. ஆபீசுக்காரக ஒருக்கா எண்ணவே ஆள் இல்லம்பாக. இவுக மூணு வாட்டி எண்ணுறாக! கண்ணாடி மாத்தப் போறோம் போறோம்னு இவுக வீட்டு அக்கா நாலு தரம் சொல்லிருச்சு. மூக்குல பாருங்க, அதே பழைய கண்ணாடி."

நான் அறியாமலே கண்ணாடியைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

அதற்குள் பாய் நான்காவது நோட்டுக்குப் போயிருந்தார். ஒவ்வொரு பக்கமாக நிதானமாகத் திருப்பினார். "இங்க பாருங்கய்யா. மண்டபம் குடிச்சவன் மாதிரி சாஞ்சு நிக்கிது. படியெல்லாம் தண்ணிக்கு மேல மெதக்குது. இத வச்சு அளந்தா கடையெல்லாம் பக்கத்துத் தெருவுலதான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். குடத்தோடு நின்றவளும் சிரித்தாள். நான் தப்பித்துவிட்டேன் என்று புரிந்தது. ஆனால் முகம் எரிந்தது. முப்பத்து மூன்று வருஷத்தில் என் கோட்டைக் கோணல் என்று ஒருவர் சொன்னதில்லை.

"மொத்தம் எத்தன சார்?" என்றார் டீக்கடைக்காரர். குரல் இறங்கியிருந்தது.

"நூத்தி எழுபத்தெட்டு."

"எல்லாம் இதே ஊருணியா? ஒரே படத்த எதுக்குத் திரும்பத் திரும்ப?"

நோட்டுகளைப் பையில் அடுக்கினேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் பதில் தோன்றியது: நீங்கள் தினமும் ஒரே டீயைத்தானே போடுகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். எட்டு அடி திரும்பி நடந்தேன். பிறகு வெட்கப்பட்டு வீட்டுக்கே போனேன்.

நடந்ததைக் கேட்டுக்கொண்டே என் மனைவி அரிசியில் கல் பொறுக்கினாள். "ஊருணியில சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிதான்" என்றாள். அப்புறம், "ஒரு வருஷமா நான் சொன்ன கண்ணாடிய அவ நம்பவே இல்லையாமா?" என்றாள். அதுதான் அவளை அதிகம் உறுத்தியது போலிருந்தது. அன்று பகல் முழுக்கக் கூடத்தில் நடந்தேன். இனி எப்படிப் போய் அங்கே உட்காருவது? எண்ணிக்கொண்டு இறங்குவதை அவர்கள் பார்ப்பார்கள். பார்க்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். யாரும் பாராத நேரமாக மத்தியானம் போகலாமா? ஒரே நேரம் என்றாரே டாக்டர்.

"நாளைக்குப் போகாட்டி?" என்று அவளிடம் கேட்டேன்.

"போகாட்டி நான் ரெகுலேட்டருக்குப் பக்கத்துல பாய விரிச்சுப் படுக்கணும்" என்றாள்.

போனேன். படியில் இறங்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். எண்ணிக்கை உள்ளே ஓடத்தான் செய்தது. சமையல்காரப் பெண் குடத்தை முக்கியபடி என் கால்களைப் பார்த்தாள். தூண்கள் வரை வந்தபோது பின்னால் டீ வாசம் அடித்தது. டீக்கடைக்காரர் இரண்டு படி மேலே குந்தி, என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதிர்க்கரை மரத்த விட்டுட்டீகளே."

"வருது."

"கொக்கு ஒண்ணு போட்டா நல்லாருக்கும்."

"கொக்கு இல்லையே."

"நேத்து இருந்துச்சு சார்."

நான் கொக்கைப் போடவில்லை. பிடரியில் அவர் மூச்சு பட்டது. நோட்டை மூடிவிட்டு மேலே ஓடிவிடலாம் போலிருந்தது. மரத்தை ஆரம்பித்தேன். அடிமரத்தின் கோடு பாதியிலேயே வெட்டிக்கொண்டு கோணலாகப் போனது. பின்னால் அவர் "த்சொ" என்றார். அதை அழிக்கக் கை துடித்தது. அழிக்காமல் அதன் பக்கத்தில் அடுத்த கோட்டைப் போட்டேன்.