யாரை நிற்க வைப்பது

குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே இருப்பது ஒரே ஒரு பழைய சர்வர், அதில் ஒரே ஒரு சுழலும் டிஸ்க். ஸ்டோரில் லேபிள் அடிப்பவர்களும் ஆபீஸில் கணக்குப் போடுபவர்களும் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். புது டிஸ்க் கேட்டால் மேனேஜர், "செட்டிங்க மாத்திப் பாரு லா" என்பார்.

அவர் சொல்வது ஷெடியூலரை. குவிகிற வேலைகளில் எதை டிஸ்க் முதலில் செய்ய வேண்டும் என்று அதுதான் முடிவு செய்யும். லேபிளை முன்னால் விட்டேன். ஆபீஸில் திரை அப்படியே நின்றது. கணக்கை முன்னால் விட்டேன். லேபிள் இல்லாமல் லோரிகள் வாசலில் நின்றன. எல்லாருக்கும் சமமாகப் பிரித்துவிட்டேன். அன்றைக்கு எல்லாருமே திட்டினார்கள். மாற்ற முடிந்த ஒவ்வொரு எண்ணையும் மாற்றிவிட்டேன். டிஸ்க்கைப் படிக்கும் முனை ஒன்றுதான், அது ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குப் போகாது. இதை மேனேஜருக்கு எந்த மொழியில் சொல்வது?

இப்போதெல்லாம் காலையில் என்னைப் பார்த்தால் லேபிள் ஒட்டும் அக்கா வணக்கம்கூடச் சொல்வதில்லை.

"தம்பி, இன்னிக்கு யார நிக்க வைக்கப் போற?"

பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.