இடி வெட்டினால் பிளக்கை உருவு

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வேளிமலைப் பக்கம் வானம் கறுத்து முதல் இடி முழங்கியதும், யாரிடமும் கேட்காமல், யாருக்காகவும் காத்திராமல், வீட்டிலுள்ள அத்தனை பிளக்குகளையும் உருவிவிட வேண்டும். சட்டத்தைப் போட்டவன் நான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு, மின்னல் ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஒருமுறை டிவி பிளக்கை உருவப் பிந்திவிட்டாள் என்று மனைவியை ஒரு நாள் முழுக்க ஏசியிருக்கிறேன். அவளும் சளைக்காமல் திருப்பி ஏசினாள். அப்போது அவளுக்குக் குரல் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டரில் மைக்கை மாட்டிப் பாடினாள். மகளைத் தூங்க வைத்த தாலாட்டுகள், சபையில் பெண்கள் கூட்டத்தில் பாடுகிற பாட்டுகள். "பேரப்பிள்ள வந்தா கேக்கட்டு" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அந்த ஃபோல்டரை அவளும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. எனக்குப் பயம். அவளுக்கு என்னவென்று நான் கேட்டதில்லை. இப்போது அவள் பேசுவதெல்லாம் சிலேட்டில்தான். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுவாள்.

இந்த ஐப்பசியில் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். அவளுக்கு ஏழு மாதம்.

"அப்பா, அம்மைக்க பாட்டையெல்லாம் அனுப்புங்க. வயித்துல கெடக்கும்பமே பிள்ளைக்கு காது கேக்குமாம்."

சரி மக்ளே என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டால், அது எழும்பவே இல்லை. உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும். நாகர்கோவில் கடைக்காரர் டிஸ்கைக் காதோரம் வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள தட்டு கீறிப்போச்சு அண்ணாச்சி. இதுலயிருந்து ஒண்ணும் எடுக்க முடியாது" என்று உதட்டைப் பிதுக்கினார்.

நான் அசரவில்லை. என்னிடம்தான் பேக்கப் இருக்கிறதே! மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும், வெளி டிஸ்கைச் சொருகிக் கம்ப்யூட்டரை முழுசாக அப்படியே நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். 'அப்பாவுக்க ரெண்டாம் ஆராதனை' என்று மகள் கேலி செய்வாள். கேலி செய்தவளுக்கே இப்போது அது உதவப் போகிறது என்று உள்ளூர ஒரு மிதப்பு.

பழைய டிஸ்கில் முக்கால்வாசி காலியாகத்தான் கிடந்தது என்பதால், பாதி அளவுள்ள புது டிஸ்க் ஒன்றை வாங்கினேன். இதற்கென்றே முன்பு செய்து வைத்திருந்த பென் டிரைவைப் போட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பி, பேக்கப்பைத் திரும்ப ஏற்றப் போனால் முடியாது என்று அடம்பிடித்தது. கடைக்காரருக்குப் போன் போட்டேன். "பழைய டிஸ்கு எவ்வளவோ, புதுசும் அவ்வளவாவது இருக்கணும் அண்ணாச்சி. உள்ள எவ்வளவு கெடந்துதுங்கது கணக்கில்ல" என்றார். மறுநாள் பஸ் ஏறிப் போய் மாற்றி வந்தேன். அப்போதும் வேறொரு பிழை. "பேக்கப் எடுக்கும்போ கம்ப்யூட்டர் எந்த மோடுல கெடந்துதோ, அதே மோடுல ஸ்டார்ட் பண்ணணும்" என்று எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்பது வரை போனிலேயே சொல்லித் தந்தார். மூன்றாம் தடவை வழிக்கு வந்தது. இருப்பதில் கடைசி நகலை ஏற்றவா என்று கேட்டது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு தேதி. கண்ணாடி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. எழுந்து போகச் சோம்பல்பட்டு ஆமாம் என்று அமுக்கினேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது.

பாதி ஆகியிருக்கும். மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனேன். தலைக்கு மேலேயே வெடித்தது போல ஓர் இடி. துணியை வாரிக்கொண்டு இறங்கி வந்தால் திரை இருண்டு கிடக்கிறது. கம்ப்யூட்டர் பிளக்கைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்க நிற்கிறாள் மனைவி. யூ.பி.எஸ். பாட்டரி செத்து மாதக்கணக்காகிறது.

"ஏட்டி, என்ன காரியம் செஞ்ச! உனக்க பாட்டுதானட்டி அதுல கெடக்கு! கொஞ்சமாவது அறிவு வேண்டாமா?"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற அளவுக்குக் கத்தினேன். அவள் சிலேட்டை எடுத்தாள். 'தட்டுல தட்டினேன். உங்களுக்கு கேக்கல. சட்டம் நீங்க போட்டது.' அதைப் படித்துவிட்டு இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

மழை விட்டதும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நல்லவேளை, பேக்கப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாம் முடிந்து, திரையில் மகளின் கல்யாணப் படம் வந்து நின்றது. சின்னப் பையன் மாதிரி கூப்பாடு போட்டேன். மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

அந்த ஃபோல்டர் இல்லை.

எங்கெல்லாமோ தேடினேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தேன். அவள் ஆபரேஷனுக்கு மூன்று மாதம் முந்தைய தேதி. வெளி டிஸ்கைத் திறந்தால், பழைய நகல்களால் ஊசி குத்த இடமில்லாமல் நிறைந்து கிடக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு முதல் ஞாயிறும் இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்ததும், நான் அதைப் படிக்காமல் ஓகே அமுக்கியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தன. இடமில்லை, நகல் எடுக்கவில்லை என்று அது மாதாமாதம் என்னிடம் சொல்லியிருக்கிறது. நான் அமுக்கிவிட்டு மீன்குழம்புச் சோற்றுக்குப் போயிருக்கிறேன். இவள் பிளக்கை உருவியதில் ஒன்றுமே போகவில்லை. போனதெல்லாம் என் விரலால் போனது. ஊர் கேட்க ஏச்சு வாங்கியவள் இவள்.

அவளிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிலேட்டில் எழுதினாள்: 'மகள்கிட்ட சொல்லுங்க.'

ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னேன்.

"எனக்க போன்லயும் பாட்டு ஒண்ணும் இல்லப்பா" என்றாள் மகள். "ஹாஸ்டல்ல இருக்கும்போ அம்ம அனுப்பின வாய்ஸ் மெசேஜ் கொஞ்சம் கெடக்கு. எல்லாம் ஏச்சுதான்."

அதில் ஒன்று என் போனில் வந்து விழுந்தது. அமுக்கினேன்.

"ஏட்டி, இங்க இடி வெட்டுது. அங்க மழ உண்டா? போன சார்ஜுல போட்டுட்டு காதுல வயர மாட்டிக்கிட்டு கெடக்காத. உனக்க அப்பா சொன்னா கேக்கமாட்ட, நான் சொல்லுதேன். பிளக்க உருவு. கேக்குதா?"

இரண்டு வருடம் கழித்து அந்தச் சத்தம் எங்கள் முன்னறையில் கேட்டது. மனைவி, ஆபரேஷனில் மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட துவாரத்தின் மேல் கையை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து சுவரோரம் போனாள். வெளியே வானம் தெளிந்துதான் கிடந்தது. கம்ப்யூட்டர் பிளக்கை உருவித் தரையில் போட்டுவிட்டு வந்து, என் கையிலிருந்த போனை வாங்கி மறுபடியும் அமுக்கினாள்.