காலி வீட்டில் அசைந்த திரை

1985ஆம் ஆண்டு, ஜூலை மாதக் குளிர். யாழ்ப்பாணத்திலிருந்து, ஜூலையில் குளிர்காலம் வரும் ஆக்லாந்துக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நகரின் ஒனிஹங்காப் பகுதியில் தெரிந்தவர் வீட்டு அறையொன்றில் நானும் கணவரும் இருந்தோம். எனக்கு ஏழாம் மாதம். பிள்ளை பிறப்பதற்குள் ஒரு வீடு பிடித்துவிட வேண்டும்.

சனிக்கிழமைப் பத்திரிகையில், மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு மரவீடு வாடகைக்கு என்றிருந்தது. போன் எடுத்தோம். வீட்டுக்காரர் கனிவாகப் பேசி, பத்து மணிக்கு வரச் சொன்னார். போய்த் தட்டினால் பதிலில்லை. திரும்பும்போது முன் ஜன்னலைப் பார்த்தேன்.

"இஞ்சருங்கோ, திரை அசைஞ்சது. உள்ளுக்க ஆரோ நிக்கினம்."

"வெறும் வீடு. காத்தாயிருக்கும்."

ஜன்னல் சாத்தியிருந்தது. பின்னேரம் போன் செய்தபோது, வேறு ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் அதே விளம்பரம். மறுபடி போனோம். அதே அமைதி. இம்முறை ஜன்னலருகே போய் நின்றேன். கண்ணாடியின் உட்புறம், ஒரு முகத்தின் உயரத்தில், மூச்சுப்பட்டதுபோல் ஆவி படர்ந்து மறைந்தது. மறுபடி படர்ந்தது. என் வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது.

பக்கத்து வீட்டில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த சமோவாப் பெண் வேலியருகே வந்தார். தன் தங்கையையும் அந்த வீட்டுக்காரர் இப்படித்தான் வாசலில் நிற்கவைத்து அனுப்பினார் என்றார். "நிறம் பார்த்து வீடு மறுப்பது இங்கே சட்டப்படி குற்றம். புகார் எழுதுங்கள். நான் சாட்சி சொல்கிறேன்."

"விசாவில கை வைச்சிட்டா என்ன செய்யிறது?" என்று கணவர் பயந்தார். எனக்கும் பயம்தான். ஆனாலும் எழுதினேன்.

சில வாரங்களில், புகாரை விசாரித்த அரசு அதிகாரி ஒருவர் எங்களை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். அறைகள் எல்லாம் காலி. முன்னறையில் மட்டும், திரைக்குப் பின்னால், வாசலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. பக்கத்தில் தேநீர்க் கோப்பை. விளம்பரத்தில் நிறத்தைப் பற்றி எழுதச் சட்டம் விடாது. அதனால் வீட்டுக்காரர் இங்கே உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறார்.

அன்று அங்கே வந்து நின்ற வீட்டுக்காரர் சாதாரண வயோதிபர். மன்னிப்புக் கேட்டு, எங்கள் முகத்தைப் பாராமலே சாவியை நீட்டினார். நான் வாங்கவில்லை. அந்த அறையில் என் பிள்ளையைத் தூங்கவைக்க என்னால் முடியாது. அவன் பிறந்த பிறகுதான் மங்கரேயில் எங்களுக்கு வீடு கிடைத்தது.

இன்று எங்கள் வீட்டின் பின்பகுதியை நாங்களே வாடகைக்கு விடுகிறோம். யார் பார்க்க வந்தாலும் அவர்கள் கதவைத் தட்டும் முன்பே நான் வெளியே போய் நின்றுவிடுவேன்; அன்று அந்த ஜன்னலருகே நின்றபோது என் முதுகில் ஏறிய குளிர் இன்னொருவருக்கு என்னால் வரக்கூடாது.