நானே எழுதிய நற்சான்றிதழ்

எண்பதுகளில் ஒக்லாந்தில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, உயிரியல் ஆசிரியையிடம் சிபாரிசுக் கடிதம் கேட்க வேண்டியிருந்தது.

"ரீச்சருக்கு ஏன் கரைச்சல்? நீயே ரைப் பண்ணிக் குடு, அவ சைன் வைப்பா," என்றார் அப்பா. யாழ்ப்பாணத்தில் அதுதான் வழக்கம். உங்களில் பலரும் எழுதியிருப்பீர்கள்.

"கீழ்ப்படிவுள்ளவன், அமைதியானவன், நல்ல குடும்பத்துப் பிள்ளை" என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை வாசித்தார், சிரிக்கவில்லை. மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்து மூடிவிட்டு, கடிதத்தைத் தானே நேரடியாக அனுப்புவதாகச் சொன்னார்.

இடம் கிடைத்தது. ஆனால் எந்தக் கடிதம் போனது என்று கேட்கும் துணிவு இத்தனை வருடமாக வரவில்லை. நோயாளிகள் நன்றி சொல்லும்போதெல்லாம் அந்த லாச்சி ஞாபகம் வரும்.

இன்று பிளாக்ஹவுஸ் பே பேக்கரி வரிசையில் எனக்கு முன்னால் அந்த ஆசிரியை நின்றார். கேட்டுவிட்டேன்.

உன் கடிதத்தில் இருந்த பையனை எனக்குத் தெரியாது என்றார். அதனால் வேறு எழுதினாராம்: இவன் வாரம் தவறாமல் என்னோடு வாதாடுவான், பாதி நேரம் இவன் சொல்வதுதான் சரி என்று.

பாண் வாங்க மறந்து, லேசான மனதோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கீழ்ப்படிவுள்ளவனோ? நானும் சைன் வைச்சிருக்க மாட்டன்," என்கிறாள்.