ஒரு பக்கம் தீட்டிய கத்தி

மும்பை மாட்டுங்காவில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் சமையற்காரர் ஒருவர், காய் நறுக்க என் மனைவியை வரச் சொல்லியிருந்தார். ஒரு நாள் பார்ப்பார்; வேலை பிடித்தால் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கூப்பிடுவார். நறுக்குகிறவர்கள் அவரவர் கத்தியைக் கொண்டுபோக வேண்டும். எங்கள் வீட்டுக் கத்தி தக்காளியை நசுக்கத்தான் லாயக்கு.

"புதுசு வேண்டாம். இது கைக்குப் பழகிட்டு. தீட்டித் தாங்க, போதும்" என்றாள்.

வேலை தேடி அவள் அலைந்து அலுத்திருந்தாள். இதுவும் கைநழுவிவிடுமோ என்ற பதைப்பு அவளைவிட எனக்குத்தான் அதிகம்.

நான் தாராவியில் ஒரு பட்டறையில் தோல் பை செய்கிறவன். தோல் சீவும் கத்தியைத் தினமும் தீட்டுகிறேன். சமையல் கத்தியைத் தீட்டியதில்லை. பட்டறைக் கல்லில் எண்ணெயும் தோல் வாடையும் ஊறிக் கிடக்கும். அதில் சமையல் கத்தியை வைக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் புதுக் கல் வாங்க தாதர் போனேன்.

கடையில் சாம்பல் நிறக் கல், வெள்ளைக் கல், இரண்டு நிறம் ஒட்டிய கல் என்று அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். "கௌன்சா நம்பர்?" என்று எந்த எண் வேண்டும் எனக் கேட்டார் கடைக்காரர். எந்த எண் எதற்கு என்று கேட்டிருக்கலாம். பின்னால் ஆட்கள் நின்றதால் எனக்கு வாய் எழவில்லை. ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொண்டே நின்றேன்.

"அண்ணாச்சி, கல்லு வாங்குதியளா, பொண்ணு பாக்குதியளா?" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

இருப்பதிலேயே வழவழப்பானதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பட்டறைக் கல்லும் அப்படித்தான் இருக்கும். அது பல வருஷம் தேய்ந்து வழவழப்பானது என்று அப்போது தோன்றவில்லை.

வீட்டில் கல்லை நனைத்துத் தேய்க்க உட்கார்ந்தேன். தேய்க்கத் தேய்க்கக் கூர் வரவில்லை.

"கத்தி தேயுதா, கல்லு தேயுதா?" என்று அவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பட்டறை வழக்கப்படி ஒரு பக்கத்தை மட்டும் சாய்த்துத் தேய்த்தேன். மறுபக்கத்தைத் தட்டையாக வைத்து லேசாக ஒரு இழுப்பு. கை வலித்த பிறகு ஒருவழியாகச் செய்தித்தாள் சத்தமில்லாமல் அறுந்தது.

மறுநாள் விடியுமுன் அவள் போய்விட்டாள். பட்டறை விடுமுறை. வீட்டுக்கும் சந்து முனைக்கும் நடந்துகொண்டிருந்தேன். போன் வந்தது.

"கத்திய என்ன செஞ்சிய? சேனைய நேரா வெட்டுனா கோணலாப் போவுது. அவியலுக்கு எல்லாத் துண்டும் ஒரே கனத்துல வேணுமாம். சமையக்காரரு பாத்துட்டு மூஞ்சிய சுளிச்சிட்டுப் போறாரு."

அப்போதுதான் உறைத்தது. ஒரு பக்கம் மட்டும் தீட்டிய கத்தி சாய்ந்துதான் வெட்டும். தோலின் ஓரத்தைச் சீவும்போது கத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால்தான் எங்களுக்கு வசதி. சேனைக்கு அது ஆகாது. கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு மாட்டுங்காவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

மண்டபத்துச் சமையற்கட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தீட்டினது நீர்தானா?" என்றார் சமையற்காரர். "அவியலுக்கு நறுக்கச் சொன்னா, கதவுக்கு ஆப்பு செதுக்கி வெச்சிருக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை, நிமிரவும் இல்லை. குழாயடியில் குத்துக்காலிட்டு மறுபக்கத்தைத் தேய்த்தேன். அந்த வழவழக் கல்லில் இரும்பு தேயவே இல்லை. நறுக்காத சேனை இன்னும் ஒரு கூடைதான் இருந்தது; அது தீருமுன் கத்தி சரியாக வேண்டும். எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"அண்ணே, அந்தக் கருங்கல் படியில தேய்ங்க. நாங்க அதுலதான் தேய்ப்போம்" என்றாள் ஒரு பெண்.

படி சொரசொரப்பாக இருந்தது. அதில் இரும்பு கரகரவென்று இறங்கியது. பிறகு என் கல்லில் வைத்துப் பிசிறை எடுத்தேன். மனைவி கத்தியைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சேனையில் இறக்கினாள். நேராக இறங்கியது. சமையற்காரர் ஒரு துண்டை எடுத்து உருட்டிப் பார்த்தார், திரும்பப் போட்டார், அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

மண்டபத்துக்கு எதிர்ச் சாரியில் நின்றேன். டீ வாங்கிப் பாதியில் வைத்தேன். நடந்தேன், திரும்பி வந்தேன். மத்தியானம் அவள் வெளியே வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப?"

"அடுத்த முகூர்த்தத்துக்கு எத்தன மணிக்கு வரணும்னு நானே கேட்டேன். அஞ்சுக்கே வந்திரணும்னாரு."