மேபல் ஸ்டிம்சனின் வாசற்படி

வெள்ளைக் கல்லை வாளித் தண்ணீரில் தோய்த்து வாசற்படியை வெளுக்கத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் மேபல் ஸ்டிம்சன். படிக்குப் பின்னால் கதவு இருக்கிறது. கதவுக்குப் பின்னால் பாதி வீடுதான் இருக்கிறது. மீதியை முந்தாநாள் ஜெர்மன்காரன் குண்டு போட்டுக் கொண்டுபோய்விட்டான். "கூரை போனா சர்க்காரு பாக்கட்டும். படி என் பொறுப்பு" என்பாள்.

லண்டனில் கப்பல்துறைக்காரர்களின் தெரு அது. மேபலுக்குச் சாக்குத் தைக்கும் பட்டறையில் வேலை. விமானச் சங்கு ஊதினால் ஊரே பதுங்கறைக்கு ஓடும். இவள் தொப்பி நழுவாமல் கொண்டையில் ஊசி குத்திக்கொண்டுதான் கிளம்புவாள். "செத்தாலும் தலைகலைஞ்சு சாகமாட்டேன்." பதுங்கறையில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே யாராவது பாடி மெட்டுத் தப்பினால், நிறுத்தச் சொல்லி முதலிலிருந்து பாடவைப்பாள்.

குண்டுவீச்சை ஜனங்கள் எப்படித் தாங்குகிறார்கள் என்று காட்டும் செய்திப்படத்துக்கு இன்று ஆட்கள் வருகிறார்கள். படத்தைப் போர்க்கப்பல்களிலும் போட்டுக்காட்டுவார்களாம். அவள் கணவன் ஹெர்பர்ட் இருப்பது கப்பலில்தான். "நல்லாருக்கேன்னு எழுதினா அந்த மனுசன் நம்பமாட்டாரு. கண்ணால பாத்தாத்தான் அவருக்குச் சோறு இறங்கும்."

படமெடுக்கும் இளைஞன் லோரிங், தெருவைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டான். விருந்தாளி வருகிறார்கள் என்று தெருவே கூடிச் செங்கல்லை அடுக்கி, கண்ணாடித் தூளைக் கூட்டி, ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வரிசையாக நின்றது.

"குண்டு விழுந்த இடம் எங்கம்மா?"

"கூட்டிட்டோம் கண்ணு!" என்றாள் மேபல்.

"முன்னாடியே சொல்லியிருந்தா கொஞ்சம் மிச்சம் வச்சிருப்போமே தம்பி" என்றாள் பக்கத்து வீட்டு ஐவி.

லோரிங் மேபலின் படியில் கொட்ட ஒரு வாளி நிறைய இடிசல் மண்ணை அள்ளிவந்தான்.

"என் படியிலயா? அழுக்குப் படியை நாலு கப்பல்காரன் பாத்தா என் வீட்டுக்காரரு மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவாரு?"

"மண்ணு இல்லேன்னா உங்க காட்சியே இல்லம்மா."

ஐவி சிரித்தாள். "அடியே, உன் படியப் பாக்கவா உன் புருசன் உக்காந்திருக்கான்? உன் மூஞ்சியப் பாக்கடி!"

 மேபல் வாளியை வெடுக்கென்று வாங்கித் தன் கையாலேயே கவிழ்த்தாள். "கொட்டுனதைக் காட்டுனா மட்டும் போதாது தம்பி. நான் துடைக்கிறதையும் காட்டணும்."

கேமரா ஓடத் தொடங்கியது. "இந்தப் பக்கம் மட்டும் பாத்துடாதீங்கம்மா" என்றான் லோரிங்.

மேபல் பார்க்கவில்லை. தேய்த்தபடியே, ஈரப் புறங்கையால் கன்னத்தில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, முகத்தைச் சற்றே வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.