ராஜியக்கா ஓடிய பாதையில் ஒரு பூட்டு

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ராகலைக் கடைத்தெருவில் இருக்கும் எங்கள் சப்பாத்துக் கடையில் ஒருவருக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. ராஜேஸ்வரியின் கணவர் சந்திரன். "அம்மா, ராஜி போயிட்டாம்மா. மலையில கொழுந்து எடுக்கையில குளவி கொட்டிருச்சு. ஆஸ்பத்திரிக்கு கொண்டு வர்ற வழியிலேயே…" 

மறுநாள் பத்திரிகையில் ஆறு வரிச் செய்தி வந்தது. குளவி கொட்டிப் பெண் தொழிலாளி ஒருவர் பலி. பெயரைக்கூடப் பிழையாகப் போட்டிருந்தார்கள். அந்த ஆறு வரியில் பாதி உண்மைதான் இருந்தது. மீதியை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ராஜியக்காவை எனக்குப் பழக்கப்படுத்தியது ஒரு சோடிச் சப்பாத்து. பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் கடைக்கு வந்து ஓடுவதற்குச் சப்பாத்து கேட்டார். நாற்பது வயது தாண்டிய, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண் தனக்கென்று அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கால்களை நுழைத்துப் பார்த்துவிட்டு, "வெளிய போயி ஒரு தடவ ஓடிப் பாக்கலாமுங்களா, மொதலாளியம்மா?" என்றார். என் அண்ணன் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் போகச் சொன்னேன். ஏற்றத்தில் ஓடிப் போய், இறக்கத்தில் ஓடி வந்து, சப்பாத்தைக் கழற்றித் துடைத்து மேசையில் வைத்தார். "வேணாங்க. மழ நாளுல சரிவுல இது வழுக்கும்." இருபது வருடம் அந்தக் கடையில் நிற்கிற எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. வழுக்காத ஒன்றைத் தேடிக் கொழும்புக்குச் சொல்லி எடுப்பித்தேன்.

சீனி நோய்க்கு நடக்கச் சொல்லி டாக்டர் என்னையும் விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு சேர்ந்தேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து அவரும், அவரோடு கொழுந்து பறிக்கும் பாக்கியமும் இன்னும் இரண்டு பெண்களும் வருவார்கள். "நரியா தொரத்துது?" என்று வாசலில் நின்று ஆண்கள் கேலி செய்வார்கள். "வந்து முன்னால ஓடுங்க, தொரத்திக் காட்டுறோம்" என்பார் ராஜியக்கா. ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கினால் பின்னால் வந்து நிற்பார். "மேல பாக்காத தங்கச்சி. கால பாரு. மேடு தானா கீழ போயிரும்." மொதலாளியம்மாவாக இருந்த நான் எப்போது தங்கச்சியானேன் என்று நினைவில்லை.

அவர் ஓடுகிற பாதை லயத்தின் பின்னாலிருந்து தொடங்கும். தேயிலைக்குள் இறங்கி, டர்பன்டைன் மரங்களுக்கிடையில் ஓடைக்கரையைப் பிடித்து, வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய பழைய பங்களாவின் பக்கவாட்டால் போய், நுவரெலியா பஸ் போகும் பெரிய வீதியில் ஏறும். நடந்தால் இருபது நிமிடம். தோட்டத்து லொறிப் பாதையோ மலையைச் சுற்றிக் குண்டும் குழியுமாகப் போகும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் அந்தக் குறுக்குப் பாதையில் பள்ளிக்குப் போனார்கள், சந்தைக்குப் போனார்கள், பிரசவ வலியோடு பெண்களைத் தூக்கிக்கொண்டும் போனார்கள்.

சில வருடங்களுக்கு முன் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். நுவரெலியாவின் பழமையையும் தேயிலை மலைகளையும் காட்டும் ஓட்டப் போட்டி ஒன்றை நடத்தப் போவதாகச் சொன்னார். வெளிநாட்டவர்கள் வருவார்களாம். வழி தெரிந்த ஆள் வேண்டுமென்றார். ராஜியக்காவை அறிமுகப்படுத்தியது நான்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அட்டை எங்கே ஏறும், எந்தக் கல் ஆடும், எந்த மரத்தில் குளவிக்கூடு தொங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். வந்தவர் கைக்கடிகாரத்தில் பாதையைப் பதிந்துகொண்டு போனார்.

போட்டியன்று ராஜியக்கா சப்பாத்தோடு வந்தார். ஏற்பாட்டாளர் சிரித்துக்கொண்டே ஒரு பட்டுப்புடவையையும் புதுக் கூடையையும் நீட்டினார். தண்ணீர் மேசைப் பக்கத்தில் கூடையோடு நின்றால் படம் எடுக்க நன்றாயிருக்கும் என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். நான் அதை இனிப்பு தடவி மொழிபெயர்த்தேன்: "அக்கா, உங்கள முக்கியமான எடத்துல நிக்கச் சொல்றாங்க." அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கூட தூக்குறது எனக்கு வேல. இன்னிக்கு லீவு" என்றார்.

நான் அதையும் அப்படியே சொல்லவில்லை. "அவருக்குச் சற்றுக் களைப்பாம்" என்றேன்.

அவர் ஓடினார். இலக்கம் இல்லாமல், கூட்டத்தின் வாலில் சேர்ந்து. பங்களா மேட்டில் நான் நின்றிருந்தபோது, நெஞ்சில் இலக்கம் குத்திய எத்தனையோ பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க, அவர் காலைப் பார்த்துக்கொண்டு ஓடிக் கடந்தார். முடிவுக் கோட்டில் காவலுக்கு நின்றவர் கையை நீட்டி மறித்தார். இலக்கம் இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாதாம். ராஜியக்கா கயிற்றைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். "பாத காட்டுனவளுக்கு நம்பர் இல்லையாம், தங்கச்சி." அழவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது என்றார்.

அந்தப் போட்டியால் பங்களாவுக்குப் பெயர் கிடைத்தது. அது ஏற்கெனவே உல்லாசப் பயணிகளின் விடுதியாகியிருந்தது. விருந்தினர்களுக்கு இடைஞ்சல் என்று சொல்லிப் பாதையின் குறுக்கே இரும்புக் கதவும் இருபுறமும் முள்வேலியும் போட்டுப் பூட்டினார்கள். ராஜியக்கா லயம் லயமாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். தமிழிலும் சிங்களத்திலும் மனுவை நான் எழுதினேன். விடுதி முகாமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். கவலைப்படாதீர்கள், வருடாந்தப் போட்டி நாளில் திறந்து விடுவோம் என்றார்.

"வருஷத்துல ஒரு நாளு வெளையாட்டுக்கு ஓடுறவுங்களுக்குத் தொறக்குது. வலியெடுத்து வர்ற புள்ளத்தாச்சிக்குத் தொறக்காதா? கேளு தங்கச்சி" என்றார் ராஜியக்கா.

நான் கேட்டேன். "மக்கள் கொஞ்சம் சிரமப்படுகிறார்கள், தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்" என்று கேட்டேன். பங்களாவுக்குச் செருப்பு வாங்குவது எங்கள் கடையில். அது என் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பாக்கியம் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சொன்னார். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. கூடு கலைந்ததும் எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால் ராஜியக்காதான் மலையைத் தாண்டியிருக்கிறார். பாக்கியம் கால் தடுக்கிச் செடிக்குள் விழுந்துவிட்டார். "நான் கத்தலக்கா. கத்த வாயத் தொறந்தா உள்ள போயிரும். அவளா திரும்பிப் பாத்தா. திரும்பி ஓடி வந்தா. இடுப்புல கட்டியிருந்த படங்க அவுத்து என் மேல போத்தி, மேலயே படுத்துக்கிட்டா." கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் அந்தச் சாக்கு இருவருக்குப் போதாது.

சந்திரனும் மூன்று ஆண்களும் ராஜியக்காவைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடினார்கள். அப்போது அவருக்குப் பேச்சு இருந்ததாம். கதவு பூட்டியிருந்தது. காவலாளியிடம் திறப்பு இல்லை, சாவி முகாமையாளரிடம் இருந்தது. முகாமையாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. பூட்டைக் கல்லால் அடித்துப் பார்த்தார்கள். பிறகு மேலே திரும்பி ஏறி, லொறி தேடி, மலையைச் சுற்றினார்கள். பாதி வழியில் மூச்சு நின்றது.

குளவி கொட்டியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டைக் குளவி போடவில்லை.

இறுதிப் பயணத்தன்று பெண்கள் பெட்டியை அந்தக் கதவுக்கு முன்னால் இறக்கி வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் கூச்சலிடவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. ராஜியக்கா அவருடைய பாதையால் போனார். காரியம் முடிவதற்குள் மறுபடியும் பூட்டிவிட்டார்கள்.

சென்ற வாரம் போட்டி ஏற்பாட்டாளர் அழைத்தார். பங்களா மேட்டுக்கு ராஜேஸ்வரி பெயரை வைக்க விரும்புகிறார்களாம். நானும் பாக்கியமும் விடுதிக்குப் போனோம். அவரும் முகாமையாளரும் தேநீரோடு காத்திருந்தார்கள். பாக்கியம் உட்காரவில்லை.

"பேரு வேணாம். தெறப்பு வேணும். தெறப்பு லயத்துல இருக்கணும். குடுக்காட்டி, உங்க ஓட்டத்தன்னிக்கு நாங்க அத்தன பேரும் பாதையில படுத்துக்கிடப்போம். எங்கள மிதிச்சுக்கிட்டு ஓடட்டும்" என்றார்.

ராஜியக்கா எனக்கு எத்தனையோ கொடுத்தார்; சீனி குறைந்ததும் அவரால்தான். ஆனால் நான் வைத்துக்கொள்ளப் போவது, கூடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வையை. அறையில் தமிழ் தெரியாத அந்த இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் சொன்னதை, மிதித்துக்கொண்டு ஓடட்டும் என்ற கடைசிச் சொல் வரைக்கும், ஒன்றையும் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன்.

திறப்பு இன்னும் வரவில்லை. போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பாதையில் படுக்கப் போகிறவர்களின் பட்டியலில் என் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.